மெபன் ஊரின் பிடிலும் மூன்று மாணவர்களும்: கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் பழைய கிராமிய இசையைத் தூசு தட்டி எடுத்து இன்றைய மேடைகளில் ஒலிக்கச் செய்த குழுக்கள் பல உண்டு. 1958இல் நியூயார்க்கில் உருவான நியூ லாஸ்ட் சிட்டி ராம்ப்ளர்ஸ் குழு, 1920களிலும் 1930களிலும் வெளிவந்த இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்டு, அவற்றின் ஒலியைக் கூடியவரை அப்படியே வாசித்துக் காட்டியது. 1998இல் தொடங்கிய ஓல்டு குரோ மெடிசின் ஷோ, அதே இசையை ராக் கச்சேரியின் வேகத்தோடு இளைஞர்களிடம் கொண்டுசென்றது. 2005இல் வட கரோலினா மாநிலத்தில் தோன்றிய கரோலினா சாக்லேட் டிராப்ஸ் இவ்விரண்டு வழிகளிலும் சேராதது. அதன் மூன்று உறுப்பினர்களும் கறுப்பினத்தவர். வெள்ளையரின் மலைநாட்டு இசை என்று உலகம் முழுவதும் நம்பப்பட்டுவந்த ஒன்றில் தங்கள் முன்னோருக்கு இருந்த பங்கை அவர்கள் மேடையிலேயே நிறுவினார்கள். அதற்கு அவர்கள் இசைத்தட்டுகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. எண்பத்தாறு வயதான ஒரு பிடில் கலைஞரின் வீட்டுக்குச் சென்று, அவரோடு சேர்ந்து வாசித்தே கற்றார்கள்.

இக்குழுவின் புதுமைகள் பின்னாளில் பெரிதும் பேசப்பட்டன. அந்தப் புதுமைகளைச் சாத்தியமாக்கியதே அந்தப் பழைய முறைப் பயிற்சிதான் என்பது என் முடிபு. நடன ஆட்டத்துக்கான தாளத்தை அவர்கள் அந்த முதியவரின் பக்கத்தில் அமர்ந்து கைப்பழக்கமாக ஆக்கிக்கொண்டதால்தான், பிற்காலத்தில் எந்தப் பாட்டைக் கையிலெடுத்தாலும் அதை அந்த மரபின் பாட்டாக மாற்ற முடிந்தது.

பேஞ்சோ கடந்துவந்த பாதை

பேஞ்சோ ஆப்பிரிக்க வழிவந்த தந்திக் கருவி. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின் மீது தோல் போர்த்திச் செய்யப்படும் பல தந்திக் கருவிகள் அதன் உறவினர்கள். செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் அக்கோண்டிங் அவற்றுள் ஒன்று. அடிமைப்படுத்தப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவரப்பட்ட மக்கள், தங்கள் நினைவில் இருந்த அந்தக் கருவிகளைக் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் புதிதாக உருவாக்கினார்கள். ஐரோப்பியப் பிடிலையும் அவர்களே ஏராளமாக வாசித்தார்கள். தென் மாநிலங்களின் தோட்ட முதலாளிகள் நடத்திய விருந்துகளில் ஆட்டத்துக்கு வாசித்தவர்கள் பெரும்பாலும் அடிமைக் கலைஞர்களே. பிடிலும் பேஞ்சோவும் சேர்ந்தொலிக்கும் அந்த இணைதான் பின்னாளில் ஓல்டு டைம் என்று பெயர் பெற்ற இசையின் முதுகெலும்பு.

1843இல் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற வெள்ளையர் குழு, முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கேலிப்பொருளாக்கும் முழுநேர நிகழ்ச்சியை நியூயார்க்கில் அரங்கேற்றியது. அவ்வகை நிகழ்ச்சி நாடெங்கும் பரவியபோது பேஞ்சோவும் அதனோடு பரவியது. கறுப்பின மக்கள் பலருக்கு அந்தக் கருவியே அவமானத்தின் அடையாளமாகிப்போனது. 1920களில் வந்த இசைத்தட்டு நிறுவனங்கள் மிச்சத்தையும் முடித்துவைத்தன. அவை தம் வெளியீடுகளை இரு பட்டியல்களாகப் பிரித்தன: கறுப்பின வாங்குவோருக்கு ரேஸ் ரெக்கார்டுகள், வெள்ளைக் கிராமத்தாருக்கு ஹில்பில்லி ரெக்கார்டுகள். கறுப்பினக் கலைஞரிடம் புளூஸ் பாடு என்றார்கள். பிடில் ஆட்டப் பாட்டுகளுக்கு வெள்ளையர்களை அழைத்தார்கள். மிசிசிப்பி ஷீக்ஸ் போன்ற சில கறுப்பினத் தந்தி இசைக்குழுக்கள் 1930களின் தொடக்கத்தில் பெயர் பெற்றன என்றாலும், கிராமம்தோறும் வாசித்துக்கொண்டிருந்த எண்ணற்றோர் ஒருமுறைகூட ஒலிப்பதிவுக் கருவியின் முன் நின்றதில்லை. தென் மாநிலங்களை விட்டு வட நகரங்களுக்குக் குடிபெயர்ந்த இலட்சக்கணக்கான குடும்பங்களின் இளைய தலைமுறை ஜாஸையும் பின்னர் ரிதம் அண்ட் புளூஸையும் நாடியது.

இதன் விளைவு வெறும் மறதியோடு நிற்கவில்லை. இசைத்தட்டுகளையே முதன்மைச் சான்றாக வைத்து மீட்டெடுப்பவர்கள், அந்த நிறுவனங்கள் வரைந்த கோட்டையும் சேர்த்தே மீட்டெடுத்தார்கள். பதிவாகாதவர்கள் வரலாற்றிலும் இல்லாதவர்களானார்கள். ஆராய்ச்சியாளர்கள் இதை அறிந்திருந்தார்கள். பேஞ்சோவின் ஆப்பிரிக்கத் தொடர்பு பற்றி நல்ல நூல்களும் வெளிவந்திருந்தன. ஆனால் கேட்போரின் எண்ணம் நூல்களால் மட்டும் மாறுவதில்லை.

மெபனில் நடந்த கற்றல்

2005 ஏப்ரலில், வட கரோலினாவின் பூன் நகரில் உள்ள அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளாக் பேஞ்சோ கேதரிங் என்ற கூடுகை நடந்தது. கறுப்பின பேஞ்சோ மரபில் ஈடுபாடு கொண்ட கலைஞர்களும் ஆய்வாளர்களும் அங்கே ஒன்றுகூடினார்கள். வந்தவர்களில், கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவாக அமைந்த மூன்று இளைஞர்கள் முக்கியமானவர்கள். கிரீன்ஸ்பரோவைச் சேர்ந்த ரியானன் கிடன்ஸ், ஓபர்லின் இசைக் கல்லூரியில் ஆபரா பாட்டு பயின்று 2000இல் பட்டம் பெற்றவர். ஊர் திரும்பியபின் ஆட்டக் கூடங்களின் வழியாகப் பேஞ்சோவை வந்தடைந்தார். ஜஸ்டின் ராபின்சனும் வட கரோலினாக்காரர். பிடில் அவருடைய கருவி. டாம் ஃபிளெமன்ஸ் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரிலிருந்து வந்தவர். கிட்டார், நாலு தந்தி பேஞ்சோ, மவுத் ஆர்கன், வாயால் ஊதி ஒலியெழுப்பும் ஜாடி, விரலிடுக்கில் வைத்துத் தட்டும் எலும்புக் கட்டைகள் என எதையும் விட்டுவைக்காதவர்.

ஜோ தாம்ப்சன் அந்த மூவருக்கும் ஆசானாக அமைந்தார். 1918இல் பிறந்த அவர், வட கரோலினாவின் பீட்மான்ட் எனப்படும் மலையடிவாரச் சமவெளியில் உள்ள மெபன் என்ற சிற்றூர்க்காரர். அவருடைய தந்தையும் பிடில் வாசித்தவர். சோளக் கதிர் உரிக்க ஊர் கூடும் இரவுகளிலும், வேலை முடிந்து வீடுகளில் நடக்கும் ஆட்டங்களிலும் சிறுவன் ஜோவும் சகோதரர் நேட்டும் வாசித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய ஜோ, மரச்சாமான் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். ஊரில் ஆட்டங்கள் நின்றுபோனபின் பிடிலும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 1970களில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் தேடி வந்தபின், பெரியப்பா சித்தப்பா வழி உறவினரான ஓடெல் தாம்ப்சனின் பேஞ்சோவுடன் சேர்ந்து அவர் மறுபடியும் மேடையேறினார். 1994இல் ஓடெல் விபத்தில் இறந்தார். 2001இல் ஜோவைப் பக்கவாதம் தாக்கியது. அதன் பிறகும் அவர் வில்லைக் கீழே வைக்கவில்லை.

மூவரும் வியாழக்கிழமை மாலைகளில் மெபனுக்குச் செல்லத் தொடங்கினார்கள். அங்கே நடந்ததைப் பாடம் என்று சொல்வதைவிடச் சேர்ந்து வாசித்தல் என்று சொல்வதே பொருந்தும். ஜோ எந்த மெட்டையும் பகுதி பகுதியாகப் பிரித்து விளக்குபவர் அல்லர். அவர் வாசிக்கத் தொடங்குவார். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு தொடர வேண்டும். ராபின்சன் பிடிலோடு அவரைப் பின்பற்ற, கிடன்ஸ் ஓடெல் விட்டுச்சென்ற பேஞ்சோ இடத்தை நிரப்பினார். ஒரே மெட்டு பல நிமிடங்கள் நீளும். ஆட்டக்காரர்கள் சுற்றி முடிக்கும்வரை வாசிப்பு நிற்கக் கூடாது என்ற அந்தக் காலத்துத் தேவைதான் அந்த நீளத்துக்குக் காரணம்.

இந்த இடத்தில் கைவேலையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வாதமே அதில்தான் இருக்கிறது. கிடன்ஸ் வாசிப்பது கிளாஹேமர் எனப்படும் முறை. வலக்கை விரல்கள் மடங்கி நிற்கும். சுட்டுவிரல் அல்லது நடுவிரலின் நகம் தந்தியை மேலிருந்து கீழாக அடிக்கும். கை இறங்கும் அதே நேரத்தில் பெருவிரல் ஐந்தாம் தந்தியின் மீது அமர்ந்து, கை எழும்போது அதைச் சுண்டிவிடும். இந்த ஐந்தாம் தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. கருவியின் கழுத்துக்கு நடுவே தொடங்குவது. மாறாத ஒரே சுருதியை ஒலிப்பது. ஆகவே மெட்டு அடியிலும், அந்த நிலைச் சுருதி அடிகளுக்கு இடையிலும் விழுகின்றன. ஒரே கை மெட்டையும் தாளத்தையும் சேர்த்துக் கொடுக்கும் இந்த அமைப்பை அக்கோண்டிங் வாசிப்பிலும் காணலாம். ஜோவின் வில்லும் இதே இயல்புடையது. நீண்டு இழையும் வில்வீச்சுகள் அவரிடம் குறைவு. சிறு வீச்சுகளால் தாளத்தை அரைத்துக்கொண்டே போவார், அதன் மேல் உரத்த குரலில் பாடவும் செய்வார். பிடிலின் அழுத்தம் எங்கே விழுகிறது, அதற்கு எந்த நொடியில் பேஞ்சோ பதில் சொல்கிறது என்பதை எந்தக் குறியீட்டாலும் முழுமையாக எழுதிவிட முடியாது. இசைத்தட்டில் அது கேட்கும். ஆனால் நாம் பிசகும்போது நம்மை இழுத்துப் பிடிக்க இசைத்தட்டால் ஆகாது. பக்கத்தில் வாசிக்கும் முதியவரின் வில் அதைச் செய்தது.

புளூகிராஸ் இசையோடு இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. 1940களில் வடிவம் பெற்ற புளூகிராஸில் கலைஞர்கள் முறைவைத்துத் தனித்து வாசித்துத் திறமை காட்டுவார்கள். பேஞ்சோவை மூன்று விரல்களால் மீட்டுவார்கள். ஓல்டு டைம் இசையில் எல்லாரும் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாகவே வாசிப்பார்கள். தனியாவர்த்தனத்துக்கு அங்கே இடமில்லை. ஆட்டக்காரரின் காலே அங்கே தலைமை.

ஜோ தாம்ப்சனுக்கு 2007இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் நேஷனல் ஹெரிட்டேஜ் ஃபெல்லோஷிப் வழங்கிச் சிறப்பித்தது. மாணவர்களோடு அவர் மெர்ல்ஃபெஸ்ட் விழாவில் வாசித்த நிகழ்ச்சி 2009இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. 2012 பிப்ரவரியில், 93 வயதில், அவர் காலமானார்.

2010ஆம் ஆண்டின் இசைத்தொகுப்பு

குழுவின் பெயர், 1930களில் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் வைத்திருந்த டென்னசி சாக்லேட் டிராப்ஸ் குழுவுக்குச் செலுத்திய மரியாதை. 2006இல் வந்த அவர்களின் முதல் தொகுப்பு, ஜோவிடம் கற்றவற்றைப் பெரும்பாலும் கற்றபடியே வாசித்தது. 2010 பிப்ரவரியில் நான்சச் நிறுவனம் வெளியிட்ட 'ஜெனுவின் நீக்ரோ ஜிக்' அந்த எல்லையைத் தாண்டியது. ஜோ ஹென்றி தயாரித்த அத்தொகுப்பு 2011இல் சிறந்த மரபு நாட்டாரிசைத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. இதில் இரண்டு உருப்படிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்; ஒன்று மீட்பு, மற்றது மறுபடைப்பு.

தொகுப்புக்குப் பெயர் தந்த மெட்டு, வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழுவில் இருந்த டான் எம்மெட்டின் கையெழுத்துப் பிரதிகளில் அந்தத் தலைப்போடு காணப்படுவது. எம்மெட் ஒகாயோ மாநிலத்தின் நாக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அதே மாவட்டத்தில் ஸ்னோடன் என்ற கறுப்பின இசைக் குடும்பம் வாழ்ந்தது. எம்மெட் அவர்களிடமிருந்து பாட்டுகளைக் கற்றிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தென் மாநிலங்களின் போர்ப்பாட்டாகவே மாறிப்போன 'டிக்சி'யை எம்மெட்டுக்குக் கற்பித்தவர்கள் இவர்களே என்று ஸ்னோடன் சகோதரர்களின் கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குழு இந்த மெட்டுக்கு 'ஸ்னோடன்ஸ் ஜிக்' என்று பெயரிட்டது. பழைய தலைப்பை மறைத்துவிடவும் இல்லை, அதைத் தொகுப்பின் முகப்பிலேயே நிறுத்தியது. ஆட்ட மெட்டு என்றால் வேகமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, இவர்கள் வாசிப்பில் பிடில் ஒரு சிறு சுற்றை நிதானமாகத் திரும்பத் திரும்பச் சுற்றிவர, காலடியும் எலும்புக் கட்டையும் தாளத்தைத் தாங்குகின்றன. கேலி நாடகத்தின் வழியே கைமாறிய ஒரு மெட்டு, அதன் கண்ணியத்தோடு உரியவர்களிடம் திரும்பிவந்ததாகவே நான் அதைக் கேட்கிறேன். உரிமையாளரின் பெயரைத் தலைப்பில் சேர்த்தது சிறிய செயல்தான். ஆனால் அதன் பொருள் பெரியது.

இரண்டாவது உருப்படி, 2001இல் புளூ கான்ட்ரல் பாடி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை சென்ற 'ஹிட் எம் அப் ஸ்டைல்' என்ற ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பாட்டு. துரோகம் செய்த ஆணின் பணத்தைச் செலவழித்துத் தீர்க்கும் பெண்ணின் பாட்டு அது. கிடன்ஸ் அதைப் பிடிலில் வாசித்துக்கொண்டே பாடுகிறார். ராபின்சன் வாயாலேயே டிரம் தாளம் இடுகிறார். பிடில் ஒரு குறுஞ்சுற்றைத் திரும்பத் திரும்பக் கடைந்தபடி தாளத்தைத் தள்ளிக்கொண்டே போகும் விதத்தில் மெபனின் பயிற்சி அப்படியே தெரிகிறது. பிடிலும் பாட்டும் ஒரே ஆளிடமிருந்து எழுவதும் ஜோவின் வழக்கமே. பாட்டின் வயது ஒன்பது ஆண்டு. அதை ஏந்தும் தாளத்தின் வயது பல நூறு. இதை வேடிக்கை முயற்சி என்று கருதியவர்கள் இருந்தார்கள். எனக்கு அது நேர்மையான தொடர்ச்சியாகவே படுகிறது: ஜோவின் தந்தையின் காலத்திலும் ஆட்டக்காரர்கள் அன்றைக்கு ஊரில் பிரபலமான பாட்டையே கேட்டிருப்பார்கள், பிடில்காரரும் அதையே தம் கைத்தாளத்தில் வாசித்திருப்பார்.

இத்தொகுப்பு பில்போர்டு என்ற இசைத்துறை இதழின் புளூகிராஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. இதில் புளூகிராஸ் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. 1920களில் கறுப்பினத் தந்தி இசைக்குழுவை எந்தப் பட்டியலில் வைப்பது என்று தெரியாமல் ஒதுக்கிய அதே தொழில்துறைக்கு, தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் அதற்கென ஓர் இடம் இல்லை.

பிரிவும் பின்தொடர்ச்சியும்

2011இல் ராபின்சன் விலகினார். ஹப்பி ஜென்கின்ஸ், வாய்த்தாளக் கலைஞர் ஆடம் மாட்டா, செல்லோ வாசிக்கும் லைலா மக்கல்லா ஆகியோர் இணைந்து 2012இல் 'லீவிங் ஈடன்' வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஃபிளெமன்ஸும் தனிவழி சென்றார். அவர் 2018இல் கறுப்பின மாட்டுக்காரர்களின் பாட்டுகளை ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காகத் தொகுத்தளித்தார்.

கிடன்ஸின் பயணம் நீண்டது. ஃபிரெட் எனும் உலோகக் கட்டைகள் இல்லாத, பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரியில் செய்யப்பட்ட பேஞ்சோவை அவர் தம் முதன்மைக் கருவியாக்கினார். அதன் ஒலி தாழ்ந்தது, மண்வாசனை மிக்கது. கட்டைகள் இல்லாததால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் இழைந்து செல்ல முடியும். 2017இல் மக்ஆர்தர் ஃபெல்லோஷிப் பெற்றார். 2019இல் அமிதிஸ்ட் கியா, அலிசன் ரஸ்ஸல், மக்கல்லா ஆகியோருடன் சேர்ந்து அடிமைப்பட்ட பெண்களின் வரலாற்றைப் பேசும் பாட்டுத் தொகுப்பை உருவாக்கினார். செனகல் பகுதியிலிருந்து 1807இல் சார்ல்ஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட இஸ்லாமிய அறிஞர் ஒமர் இப்னு சயீதைப் பற்றி அவர் மைக்கேல் ஏபல்ஸோடு இணைந்து படைத்த ஆபரா, 2022இல் அதே சார்ல்ஸ்டனில் அரங்கேறி, 2023இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2024இல் பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டு எம்' உலகெங்கும் ஒலித்தபோது, அதன் தொடக்கத்தில் கேட்கும் பேஞ்சோ கிடன்ஸுடையதே.

2025 ஏப்ரலில் டர்ஹம் நகரில் கிடன்ஸ் நடத்திய பிஸ்கட்ஸ் அண்ட் பேஞ்சோஸ் விழாவில் பழைய குழு மீண்டும் ஒன்றாக மேடையேறியது. அதே மாதத்தில் கிடன்ஸும் ராபின்சனும் பிடிலும் பேஞ்சோவும் மட்டுமே கொண்டு, வட கரோலினாவின் மெட்டுகள் பதினெட்டைத் திறந்தவெளியில் பதிவுசெய்து வெளியிட்டார்கள்.

மதிப்பீடு

இக்குழுவின் வெற்றியைக் குறைத்து மதிப்பிட முடியாது என்றாலும், அது தொடாத இடம் ஒன்று உண்டு. அரங்குகளை நிறைத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கிடன்ஸே இதைப் பலமுறை வருத்தத்தோடு பேசியிருக்கிறார். ஜோவின் இளமைக்காலத்தில் இந்த இசை பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆடுவதற்காக இருந்தது. இப்போது அது நுழைவுச்சீட்டு வாங்கி நாற்காலியில் அமர்ந்து கேட்கும் இசையாகியிருக்கிறது. பிடில்காரர் கிடைத்தார், பேஞ்சோக்காரர் கிடைத்தார், ஆடும் ஊர் கிடைக்கவில்லை. விருதுகளால் ஈடுசெய்ய முடியாத இழப்பு இது. மீட்டெடுப்பு முழுமையடைந்துவிட்டது என்று கொண்டாடும் எழுத்துகள் இதைப் பேசாமல் விடுவது எனக்கு ஏற்புடையதன்று.

மற்றொரு கேள்வி, ஜோவைப் போன்ற முதியவர் இனி இல்லாத நிலையில் அடுத்த தலைமுறை என்ன செய்யும் என்பது. இதற்கு ஜேக் பிளவுன்ட் ஒரு விடையாகத் தெரிகிறார். 1995இல் பிறந்த அவர், காங்கிரஸ் நூலகம் போன்ற இடங்களில் உறங்கும் களப்பதிவுகளைத் தேடிக் கேட்டு, கறுப்பின, அமெரிக்கப் பழங்குடி இசைஞர்களின் மெட்டுகளை மீட்டெடுக்கிறார். 2020இல் ஸ்டீவ் மார்ட்டின் பேஞ்சோ பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 2022இல் அவர் வெளியிட்ட தொகுப்பு, சுற்றுச்சூழல் சீர்குலைந்துபோன எதிர்காலத்தில் கறுப்பின அகதிகள் நடத்தும் வழிபாட்டைக் கற்பனை செய்து, பழைய பக்திப் பாட்டுகளோடு ராப்பையும் மின்னணு ஒலிகளையும் சேர்க்கிறது. பிளவுன்ட் ஆவணப் பதிவுகளிலிருந்து மட்டும் கற்றவர் அல்லர். அவர் நேரில் பயின்ற ஆசிரியர்களில் ரியானன் கிடன்ஸும் ஹப்பி ஜென்கின்ஸும் உண்டு.